பிக்கப் வண்டியில் கூடுதல் விளக்கு: தனி ஒயர் இழுப்பதா, இருக்கும் விளக்கைச் சீர்செய்வதா?

மலைச்சரக்கு:
கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது என் தொழில். வண்டி 12 வோல்ட் டீசல் பிக்கப். முன்விளக்கில் 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு. பனிமூட்டம் இறங்கிவிட்டால் சாலையின் ஓரக்கோடே தெரிவதில்லை. பம்பரில் இரண்டு 55 வாட் மஞ்சள் ஃபாக் விளக்குகளும், சரக்கு இறக்கும்போது பின்தளத்துக்கு ஒரு எல்இடி விளக்கும் போட நினைக்கிறேன். கேபின் மேல் ஒரு நீள எல்இடி பாரையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். முன்விளக்கு ஒயரை உரித்து, அதிலேயே புதிய ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுமாம். இந்த முறை சரிதானா?

ஒயர்மேன்:
தீப்பிடித்துப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் நாங்கள் பார்ப்பது அந்த அரை மணி நேர வேலையைத்தான். கம்பெனி ஒயர் அந்தந்த விளக்கின் கரண்டுக்கு அளவாகப் போடப்பட்டது. இரண்டு 55 வாட் விளக்குகள் ஏறக்குறைய 9 ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அதுவும் ஸ்டீயரிங் அருகிலுள்ள டிப்பர் சுவிட்ச் (டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச்) வழியாகவே போனால், முதலில் சூடாகி உருகுவது அந்தச் சுவிட்சின் உள்முனைதான்.

விளக்கைத் தாராளமாகப் போடுங்கள். அதன் சுமையைப் பழைய ஒயரில் ஏற்றாதீர்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தனியாக வரட்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். கைக்கு வசதியாக இருக்கிறது என்று ஃபியூஸை ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. இடைப்பட்ட ஒயர் எங்காவது தகட்டு விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், தடுக்க வழியில் ஒன்றும் இருக்காது. ரிலேயின் 30ஆம் முனைக்கு இந்த ஒயர், 87 விளக்குகளுக்கு, 85 எர்த்துக்கு, 86 டேஷ்போர்டு சுவிட்சுக்கு. அந்தச் சுவிட்சுக்கான மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கிலிருந்து எடுத்தால், வண்டியை நிறுத்தி விளக்குகளை அணைத்ததும் ஃபாக்கும் தானாக அணைந்துவிடும். ரிலேயின் சுருள் 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும் என்பதால் சுவிட்சும் பார்க்கிங் ஒயரும் சூடாகாது. ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் ஒயர் வழியே இறங்கும் மழைநீர் உள்ளே தேங்கிப் பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

பழைய பணிமனை:
ஒயர்மேன் தம்பி சொன்ன இணைப்பு முறையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் புது விளக்கு தேவையா என்பதைப் பார்க்காமலேயே அதை எப்படிப் பொருத்துவது என்பதற்குப் போய்விட்டார். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த காலத்தில், வெளிச்சம் போதவில்லை என்ற புகாருடன் ஒரு வண்டி வந்தால் முதலில் மீட்டரைத்தான் எடுப்போம். என்ஜின் ஓடட்டும், டிம் விளக்கு எரியட்டும். பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், பிறகு பல்பு ஹோல்டரின் பின்புறம் ஊசியை வைத்து அங்கே எத்தனை வருகிறது என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ திருடு போகிறது: தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த், அல்லது கருகிய ஹோல்டர். ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்துவிடும்.

இன்னொன்று, லோடு. பின்னால் டன் கணக்கில் முட்டைக்கோஸ் ஏறியதும் பின் பட்டை அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. விளக்கின் ஒளி சாலையை விட்டு மேலே போகிறது. பனிமூட்டத்தில் அந்த ஒளிதான் முகத்துக்கு நேராக வெள்ளைச் சுவராகத் திரும்பி வருகிறது. இதற்காகவே பல வண்டிகளில் டேஷ்போர்டில் 0 முதல் எண்கள் போட்ட ஒரு சிறு திருகு இருக்கிறது. லோடு ஏற ஏற எண்ணைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும். அதைத் திருகிப் பார்த்த ஓட்டுநர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கையில் இருக்கும் வெளிச்சத்தை வானத்தில் வீணடித்துவிட்டுப் புதிதாக 110 வாட்டை வாங்குவது எனக்குச் சரியாகப்படவில்லை.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கணக்கும் உண்டு. அதன் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐட்லிங்கில் அதில் ஒரு பகுதிதான் வரும். முன்விளக்கு, வைப்பர், ஹீட்டர் ஊதி, ஃபாக் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது பேட்டரிதான் இறங்கும்.

ஒயர்மேன்:
மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், லெவலிங் திருகு பற்றியதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐயா, முன்விளக்கை எவ்வளவு திருத்தினாலும் அது ஃபாக் விளக்கு ஆகிவிடாது. முன்விளக்கு இருப்பது நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே; அதன் ஒளி தூரத்தைப் பார்க்கும்படி அமைந்தது. ஃபாக் விளக்கு பம்பரின் அடியில், மேல்விளிம்பு வெட்டிய அகலமான ஒளியை வண்டிக்கு முன்னால் சில மீட்டர் தூரத்துக்கும் இரு ஓரங்களுக்கும் பரப்புகிறது. அதனால் ஓட்டுநரின் கண்ணுக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பனியில் குறைந்த ஒளியே படுகிறது. கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பைக் காட்டுவது அந்தப் பக்கவாட்டு ஒளிதான்.

ஆல்டர்னேட்டர் கணக்கு நிற்கும் வண்டிக்குப் பொருந்தும். இவர் இரண்டாம் கியரில் என்ஜின் பிரேக்கில் இறங்குகிறார். அப்போது ஆல்டர்னேட்டர் நன்றாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மண்டி வாசலில் பனி இல்லை, ஃபாக்கை அணைத்துவிடலாம்.

எதிர்வண்டி:
நான் அதே மலைச்சாலையில் எதிரே ஏறி வருபவன், பேருந்து ஓட்டுகிறேன். ஃபாக் விளக்கைக் கீழே பார்க்கும்படி மாட்டுபவரோடு எனக்குச் சண்டை இல்லை. கேபின் மேல் எல்இடி பார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். வளைவில் திரும்பும் வண்டியின் கூரையில் அது எரிந்தால், ஏறி வருபவனுக்குச் சில நொடிகள் சாலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. டிப் அடித்தாலும் பயனில்லை, ஏனென்றால் பாரின் சுவிட்ச் தனியாக இருக்கிறது. அதை அணைக்க ஓட்டுநருக்கு நினைவும் வருவதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 111இன்படி, ஸ்பாட் விளக்கையும் தேடுவிளக்கையும் பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி வண்டியின் முன்பக்கம் பொருத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விற்கும் கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பனியில் அந்தப் பார் உங்களுக்கும் உதவாது. கண்ணுக்கு நேர் மேலே இருந்து பனியிலேயே வெள்ளை அடிக்கும்.

பழைய பணிமனை:
எதிர்வண்டி நண்பர் சொன்னதோடு காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி போடாத மின் பொருத்தங்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற ஒப்பந்தச் சேர்க்கை இருக்கிறது. பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி அதைப் பாலிசியில் எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டு, நாளை ஒயரிங்கில் தீப்பிடித்தால், சர்வேயர் வந்ததும் தேடுவது முறுக்கி டேப் சுற்றிய இடத்தைத்தான்.

மலைச்சரக்கு:
பாரை விட்டுவிட்டேன். பழைய பணிமனை ஐயா சொன்னபடி மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், இடது பக்க ஹோல்டரில் 12.4. ஹோல்டரின் நடு முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இருக்கிறது. வண்டியை வாங்கும்போது 100/90 வாட் பல்பு இருந்தது, நான்தான் மாற்றினேன். பின்தள விளக்குக்கு மின்சாரத்தை டெயில் விளக்கிலிருந்து எடுக்கலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ஒயர்மேன்:
ஒன்றரை வோல்ட் குறைவு என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழுப்பேறிய ஹோல்டர் அந்த 100 வாட் பல்பின் வேலை. பீங்கான் ஹோல்டராக மாற்றிவிட்டு, முதல் ரிலேயை முன்விளக்குக்கே போடுங்கள். பழைய முன்விளக்கு ஒயர் இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும். சில வண்டிகளில் டிப்பர் சுவிட்ச் எர்த் பக்கத்தைத் துண்டிக்கும்படி இருக்கும். சோதனை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு 85, 86 இரண்டையும் இணையுங்கள். ஃபாக் விளக்குகள் அதன் பிறகு வரட்டும், ஆனால் வரத்தான் வேண்டும்.

டெயில் விளக்கைத் தொடாதீர்கள். புதிய வண்டிகளில் அந்த ஒயரின் கரண்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கண்காணிக்கிறது. கூடுதல் சுமையைப் பார்த்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது அந்த வரியே அணைந்துவிடும். பழைய வண்டியில் டெயில் விளக்கு ஃபியூஸ் போனால் இருட்டில் உங்கள் பின்புறமே மறைந்துவிடும். தனி ஃபியூஸ், தனி ஒயர். சேசிஸில் கம்பெனி ஒயர் போகும் வழியிலேயே நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். சுவிட்ச் கேபினில் இருக்கட்டும், வண்டி ஓடும்போது அது எரியக் கூடாது.

பழைய பணிமனை:
ஃபாக் வரத்தான் வேண்டும் என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஹோல்டர், ரிலே, லெவலிங் மூன்றையும் முடித்துவிட்டு ஒரு பனிக்காலம் ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் உள்விளிம்பு தெரியவில்லை என்றால் வாங்கிக்கொள்ளட்டும்.

முன்விளக்கு ரிலேயில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் போடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது போனால் வளைவின் நடுவில் இரண்டும் ஒன்றாக அணையும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

ஒயர்மேன்:
அதை நானும் அப்படித்தான் போடுவேன், ஐயா. ஒயருக்கு 2.5, ஃபியூஸ் ஒவ்வொன்றும் 10 ஆம்பியர். பனிக்காலம் வரை காத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பானட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றிய அன்றே ஃபாக்குக்கான ஒயரையும் இழுத்து, முனையை மூடிக் கட்டி வைத்துவிடலாமே. விளக்கை வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.