மறுமொழி: குழந்தைகளின் ‘பிரைமரி இம்யூனோடெஃபிஷியன்சி’க்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். பிறவியிலேயே நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் கோளாற்றைத்தான் டாக்டர்கள் ‘பிரைமரி இம்யூனோடெஃபிஷியன்சி’ என்கிறார்கள். கிளினிக்கில் கொடுக்கும் துண்டறிக்கை ஒன்றுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘முதன்மை நோயெதிர்ப்புத் திறன் குறைபாட்டு நோய்க்குறித்தொகுப்பு’ என்பதே துல்லியமானது.

ஐயா, துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கிளினிக் பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய் இதைப் படித்து முடிப்பதற்குள் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் தாதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தத் துண்டறிக்கை செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாருக்கு.

நீளம்கூடப் பரவாயில்லை. ‘முதன்மை’ என்றால் நம் ஆட்களுக்கு முதன்மை விருந்தினர்தான் ஞாபகம் வரும். டாக்டர்கள் சொல்லும் ‘பிரைமரி’யின் பொருள் வேறு: கோளாறு பிள்ளையின் மரபணுவிலேயே இருக்கிறது. எச்.ஐ.வி., சத்துக் குறைவு, புற்றுநோய் மருந்து போன்றவற்றால் பின்னால் வந்ததல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் அந்த அடைமொழியே. அதைச் சொல்லாத தமிழ்ச்சொல் எதற்கு? ‘நோயெதிர்ப்புக் குறைபாடு’ என்று வாயெடுத்தாலே எய்ட்ஸ் என்றுதான் காதில் விழுகிறது. மலாயிலும் ‘கூராங் டாயா தஹான்’ என்றால் அதே கதை. ஒரு தாய் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “மிஸி, எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல.” அன்றிலிருந்து அந்தத் தொடரை நான் பயன்படுத்துவதில்லை.

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘நிர்ப்பீடனக் குறைபாடு’ இலங்கைப் பாடநூல் படித்தவர்களுக்குச் சரி, இங்கே யாருக்கும் புரியாது. ‘ஏமக்குறைவு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். குறளில் வரும் ‘ஏமப் புணை’யின் அதே ஏமம். ஆனால் அதையும் ஏற்கெனவே எய்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் போன வாரம் ‘பிறவிக் காப்புக்குறை’ என்று முன்வைத்தேன். காப்பு என்றால் பாதுகாப்பு, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று நினைத்தேன். சரி, கேட்டுப் பார்ப்போமே என்று தெரிந்த ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “தீமிதிக்குக் காப்புக் கட்டிட்டு நடுவுல கழட்டினேன், அதனாலயா?” என்றாள். எய்ட்ஸிலிருந்து தப்பித்துச் சாமி குற்றத்தில் மாட்டிக்கொண்டேன்! ‘நோய்’ என்பதை முன்னால் சேர்த்து ‘பிறவி நோய்க்காப்புக் குறை’ என்று சொன்ன பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். என் முன்மொழிவு இனி இதுதான்.

> ‘பிறவி’ பொருந்தாது. சில வகைகள் வளர்ந்த பிறகுதானே தெரிகின்றன?

தெரிவது பிறகு, குறை பிறவியிலேயே. 1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் அறிவித்த பையனுக்கு வயது 8. திரும்பத் திரும்ப நோய்த்தொற்று. ரத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் எதிர்ப்பொருள்கள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) அடங்கிய காமா குளோபுலின் என்ற பகுதியே இல்லை. அந்த வகைக் குழந்தைகள் முதல் ஆறு மாதம் நன்றாகவே இருப்பார்கள், ஏனென்றால் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக வந்து ரத்தத்தில் இருக்கும். அவை தீர்ந்ததும் காது, சளி, நிமோனியா என்று தொடங்கும். பாட்டிமார் ‘மாந்தம், கணை’ என்று மருந்து அரைப்பதும் அப்போதுதான்.

இங்கே எனக்கு இன்னொரு சொல் கிடைத்தது. சிகிச்சையாக மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். வீட்டில் அதை ‘தண்ணி ஏத்துறது’ என்கிறார்கள். தண்ணீர்தானே, ஒரு மாதம் விட்டால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத் திரவத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள். சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் மறுபடியும் மறுபடியும். இதை ‘இரவல் எதிர்ப்பொருள்’ என்றால் என்ன? இரவல் என்றால் நமதல்ல, நிலைக்காது என்று புரிந்துவிடுகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று குழுவில் யாரோ கேட்கத்தான் போகிறார்கள், கேளுங்கள்.

அப்புறம் ‘ஸ்கிட்’ (SCID), இந்தப் பிறவிக் குறைகளில் மிகக் கடுமையான வகை. ‘கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு’ என்பதில் ‘கூட்டு’ என்ன கூட்டு? ரத்த வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் ஒரு படை, எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்கள் இன்னொரு படை. சில வகைகளில் பி அணுக்கள் இருந்தும் டி அணுக்களின் துணையில்லாமல் வேலை செய்வதில்லை. எப்படியும் இரண்டு படையும் முடங்குகின்றன. ‘கடும் இருபடைக் குறை’ என்கிறேன். இதற்கு இரவல் மட்டும் போதாது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும், அதுவும் முதல் சில மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன். 1968-இலிருந்தே செய்கிறார்கள்.

துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போட வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டில் பிறந்ததும் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். நல்ல ஊசிதான். ஆனால் அதில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள கிருமி, இருபடைக் குறை உள்ள குழந்தைக்கு அதுவே உடம்பெங்கும் பரவக்கூடும். குடும்பத்தில் கைக்குழந்தை யாராவது காரணம் தெரியாமல் நோய்த்தொற்றில் இறந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இதற்கு எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை.

‘சிண்ட்ரோம்’ (ஐயா சொன்ன ‘நோய்க்குறித்தொகுப்பு’) என்பதைத் துண்டறிக்கையில் மொழிபெயர்க்கவே போவதில்லை, மன்னிக்கவும் ஐயா.

ஒரே ஒரு சந்தேகம்: ‘நோய்க்காப்புக் குறை’ என்று பிரித்து எழுதுவதா, ‘நோய்க்காப்புக்குறை’ என்று சேர்த்தா? அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள்.