லினக்ஸ் மடிக்கணினியுடன் வெளியூர்ப் பதிவு: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். தெருக்கூத்துக் கலைஞர்களின் பாட்டையும் பேச்சையும் அவர்கள் ஊருக்கே சென்று பதிவு செய்ய இருக்கிறேன். மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸ் உள்ளது. ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பழக்கம் உண்டு. கைவசம் ஓர் எஸ்எம்58 மைக்கும் ஒரு கண்டென்சர் மைக்கும் இருக்கின்றன. சில வேளைகளில் இரண்டும் ஒருசேரத் தேவைப்படும். மின்சாரத்தை நம்ப முடியாத இடங்கள் என்பதால் யூஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை மடிக்கணினியுடன் இணைக்கும் கருவி) தான் வேண்டும். பெஹ்ரிங்கர் யூஎம்சி22, யூஎம்சி202எச்டி, மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 ஆகியவற்றில் எது ஏற்றது? 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டுக்காக (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) கூடுதல் விலை கொடுக்கலாமா?

மறுமொழி 1:
யூஎம்சி22-ஐ விட்டுவிடுங்கள். அதில் மைக் செருகும் இடம் ஒன்றே ஒன்று, மற்றது கிட்டாருக்கானது. அது தருவதும் 16 பிட் (ஒலியளவைப் பதியும் நுணுக்கம்) மட்டுமே. கூத்துக்காரர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென உச்சத்தில் எடுப்பார் என்பதால், கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தே வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். 24 பிட்டில் அப்படிச் செய்தாலும் பின்னர் தாராளமாக ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம். 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 192 வட்டைத்தான் நிரப்பும். மற்ற இரண்டும் கிளாஸ் கம்ப்ளையன்ட் வகை (பொதுவான யூஎஸ்பி ஆடியோ முறையைப் பின்பற்றுபவை) என்பதால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலுள்ள யூஎஸ்பி ஆடியோ டிரைவரே அவற்றை இயக்கிவிடும்.

மறுமொழி 2:
ஸ்கார்லெட் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாகச் செருகும்போது அது ஒரு பென் டிரைவ் போலவும் தோன்றும்; அந்த நிலையில் முழு வசதியும் கிடைக்காது. 48வி பொத்தானை (கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் ஃபான்டம் பவருக்கானது) அழுத்திப் பிடித்தபடி கேபிளைச் செருகி, ஐந்து நொடி கழித்து விட்டால் அந்த நிலை விலகிவிடும். ஏர் (உயர் ஒலிகளைத் துலக்கும் வசதி) போன்றவற்றை மென்பொருள் வழியாக மாற்றும் வசதி 6.7 கெர்னலிலிருந்துதான் தானாகவே இயங்குகிறது. டெபியன் 12-இன் 6.1 கெர்னலில் அதற்கு டிரைவர் அமைப்பை நாமே மாற்ற வேண்டும். வெறும் பதிவுக்கு அதுவும் தேவையில்லை.

மறுமொழி 3:
என் தேர்வு யூஎம்சி202எச்டி. மிச்சமாகும் பணத்தில் நல்ல எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள்கள் வாங்குங்கள். அதன் ஃபான்டம் பவர் இரு மைக்குகளுக்கும் சேர்த்தே போகும். சரியான கேபிளில் எஸ்எம்58-க்கு அதனால் தீங்கில்லை. யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லியாம்பியர் என்பதால், மின்சாரத்தைப் பங்குபோடும் ஹப்பைத் தவிர்த்து நேரடியாகவே மடிக்கணினியில் செருகுங்கள். பதிவில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும். லேட்டன்சியை (ஒலி ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்பதை) பற்றிக் கவலை வேண்டாம்: மைக் ஒலியைக் கணினி வழியே செல்லாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் இருக்கிறது, ஆகவே பஃபரை (கணினி ஒலியை இடையில் தேக்கிவைக்கும் அளவை) 1024-இல் வைத்தால் பதிவு தடையின்றி ஓடும்.