மேக்கர் விழாவில் யூடியூபரை எங்கே உட்கார வைப்பது?

அல்சூர்_சால்டர்:
பெங்களூரில் ஒரு கல்லூரி அரங்கில் சின்னதாக மேக்கர் விழா (தாங்களே செய்த கருவிகளை ஆளாளுக்கு மேஜை போட்டுக் காட்டும் விழா) நடத்துகிறோம். போன வருடம் ஒரு யூடியூபரை அழைத்தோம். அவரைச் சுற்றி ஒரே செல்ஃபி கூட்டம். எதிர் மூலையில் ஒரு பள்ளிப் பையன், தானே செய்த ரோபோ கையோடு, யாராவது வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தான். இந்த வருடம் இன்னும் இரண்டு பிரபலங்களை அழைக்கலாம் என்கிறது குழு. டிக்கெட் விற்பது அவர்களால்தான் என்கிறார் பொருளாளர், அதுவும் பொய்யில்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

எஸ்பி_ரோடு_வாசி:
தாராளமாக அழையுங்கள், மேடை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன் (உலோகத்தை உருக்கி ஒட்டும் சூட்டுக்கோல்), எதிரே நாலு நாற்காலி. பார்க்க வருகிறவர் கூடவே உட்கார்ந்து ஒரு எல்.இ.டி. விளக்கையாவது சால்டர் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். செல்ஃபி வேண்டுமா? அதை எரியவிட்டு, கையில் பிடித்தபடி எடுத்துக்கொள்ளட்டும். அந்த மேஜையும் அரங்கின் கடைசியில் இருக்கட்டும், வழியெல்லாம் மற்ற ஸ்டால்கள். ரோபோ கைப் பையன் பக்கத்து மேஜையில்.

இன்னொன்று. ஸ்டால் காலியாக இருந்தால் பழியைப் பிரபலத்தின் மேல் போடுகிறோம். பல சமயம் ஸ்டாலே அப்படித்தான் இருக்கும். 3டி பிரிண்டரை ஓடவிட்டு ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருப்பார்கள். சின்னப் பொம்மை அச்சாகவே ஒரு மணி நேரம் ஆகும், யார் நிற்பார்கள்? பாதியில் நிறுத்திய பொம்மைகள் நாலைந்தைப் பக்கத்தில் வைத்துக் கையில் கொடுத்தால், உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பதைப் பார்த்ததும் கேள்வி தானாக வரும். அப்புறம், ஸ்டாலுக்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் சாப்பிடப் போனால் மேஜை செத்துவிடும்.

மல்லேஸ்வரம்_மோட்டார்:
மேடையே வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. 2006-ல் அமெரிக்காவின் சான் மேட்டியோவில் தொடங்கிய மேக்கர் ஃபேரிலேயே ‘மித்பஸ்டர்ஸ்’ டிவி நிகழ்ச்சிப் புகழ் ஆடம் சாவேஜ் மேடையேறிப் பேசினார், கூட்டம் அலைமோதியது. அவ்வளவு பெயர் இருந்தும் அதை நடத்திய நிறுவனம் 2019-ல் பணமில்லாமல் நின்றுபோனது, வேறு அமைப்பாகத்தான் மீண்டு வந்தது. அதனால் பொருளாளரை ரொம்பத் திட்டாதீர்கள். 2023-ல் யூடியூபர் வில்லியம் ஆஸ்மன் அமெரிக்காவில் தொடங்கிய ஓப்பன் சாஸ் என்ற மேக்கர் விழா யூடியூபர்களை நம்பியே நடக்கிறது, ஆனால் அங்கேயும் ஸ்டால்கள் உண்டு. காலையில் அரைமணி பேச்சு, அதோடு சரி. பேச்சு முடிந்ததும் அவரே கூட்டத்தை அழைத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போகட்டும். இதை அழைக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் அவருடைய மேலாளர் முகத்தைச் சுளிப்பார்.

எஸ்பி_ரோடு_வாசி:
அந்த ஊர்வல யோசனை நல்லா இருக்கு. ஆனால் நம்ம ஊர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆய்வகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஓப்பன் டேயைப் பாருங்கள், யூடியூபரா அழைக்கிறார்கள்? கேட்டில் வரிசை நிற்கிறதே.

மல்லேஸ்வரம்_மோட்டார்:
அது ஐஐஎஸ்சி, ஐயா. உள்ளே போகவும் காசில்லை!

அல்சூர்_சால்டர்:
பேச்சு, அப்புறம் சுற்று, அப்புறம் சால்டரிங் மேஜை என்று குழுவில் சொல்லப்போகிறேன். சின்னக் குழந்தைகள் நிறைய வருவார்கள். 350 டிகிரி அயர்னை அவர்கள் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

எஸ்பி_ரோடு_வாசி:
அவர்களுக்குச் செப்பு டேப், அட்டை, எல்.இ.டி., 3 வோல்ட் பட்டன் செல் (காசு மாதிரி வட்ட பேட்டரி) போதும், சூடே கிடையாது. செல்லை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். டேப் நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்பி ரோட்டிலேயே கிடைக்கும், ஞாயிறு போகாதீர்கள்.