பொருள்: 'அனானிமஸ் எஃப்டிபி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், பொள்ளாச்சி:

அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற மென்பொருளின் தொடக்கக் காலம் பற்றிய ஒரு கல்லூரிப் பாடப்பகுதியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வழங்கி (சர்வர்), அடைவு (டைரக்டரி), தரவிறக்கம் இவற்றிலெல்லாம் சிக்கல் இல்லை. 'அனானிமஸ் எஃப்டிபி' என்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். வலைத்தளங்கள் வருவதற்கு முன்பு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த 'பிரெப்' என்ற கணினியிலிருந்து ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளை எடுக்கவேண்டும் என்றால், நம் கணினியிலிருந்து அதனுடன் இணைப்பு ஏற்படுத்துவோம். பயனர் பெயர் கேட்கும். 'அனானிமஸ்' என்று தட்டவேண்டும். கடவுச்சொல் கேட்கும். 'கெஸ்ட்' என்றோ நம் மின்னஞ்சல் முகவரியையோ கொடுக்கவேண்டும். உள்ளே 'பப்' என்ற அடைவுக்குள் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இதே முறைதான் நூற்றுக்கணக்கான வழங்கிகளில்.

பக்கத்துக்கு நாலு இடத்தில் இந்தச் சொல் வருகிறது. 'அநாமதேய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை' என்று ஒவ்வொரு முறையும் எழுத முடியாது. சுருக்கமாக, வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்படி ஒன்று வேண்டும்.

———

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அநாமதேயம் வேண்டாம். கிரந்த எழுத்து இல்லாததால் தமிழ்போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நாமதேயம் வடசொல், அதன் முன் வடமொழி எதிர்மறை முன்னொட்டு. நம்மிடம் 'பெயரிலி' இருக்கிறது. அறிவிலி, பொறியிலி வரிசையில் இயல்பாக அமைந்த சொல்.

பெயர் சொல்லாதிருப்பது தமிழில் குறை அன்று. அகத்திணைக்குத் தொல்காப்பியர் வகுத்த விதியே 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பதுதான். பாடியவர் பெயரும் அப்படித்தான். 'செம்புலப் பெயல்நீர் போல' என்று பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை; அவர் எழுதிய தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றோம். பெயர் போனாலும் ஆக்கம் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னும் ஒன்று. பெயர் என்ற சொல்லே பெயர்தல் என்ற வினையோடு உறவுடையது. கோப்பு ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்கிறது. ஆகவே 'பெயரிலிப் பெயர்ப்பு' என்றால் அனானிமஸ், டிரான்ஸ்ஃபர் இரண்டும் ஒரே வேரில் அடங்கிவிடும்.

———

மொழியியல் ஆய்வாளர், மைசூர்:

பேராசிரியர் ஐயா, பெயரிலி சரி. வேர் விளக்கத்தை ஏற்க முடியவில்லை. ஆளைக் குறிக்கும் 'பெயர்' பழங்கன்னடத்தில் 'பெசர்', இன்று 'ஹெசரு'. இடையில் சகரம் இருக்கிறது. நகர்தலைக் குறிக்கும் பெயர்தலோடு இதை ஒன்றாக்கவேண்டும் என்றால் அந்தச் சகரத்துக்கு முதலில் வழி சொல்லவேண்டும். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது.

அதோடு, கோப்பு பெயரவே இல்லை. நாம் எடுத்த பிறகும் அது அங்கேயே இருக்கும். நமக்கு வந்தது படி. பெயர்ப்பு என்றால் அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி ஆகிறது. பகிர்ந்தாலும் குறையாது என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் அடிப்படை. அதைக் குலைக்கும் சொல்லைப் பாடநூலில் வைக்கக்கூடாது.

———

வாசகர், யாழ்ப்பாணம்:

'இலி' விகுதி குறித்து ஒரு தயக்கம். அறிவிலி, நாணிலி என்று எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் வசைதான். எங்கள் பக்கத்தில் 'ஏதிலி' என்பது அகதியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. குறளில் ஏதிலார் என்றால் அயலார், அவ்வளவே. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் முகாம்தான் நினைவுக்கு வருகிறது. வாசலில் வந்து நிற்பவரை 'இலி' என்று அழைத்து உள்ளே விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சில் மொட்டைக் கடிதம் என்கிறோமே, அந்த 'மொட்டை'யும் உதவாது. அது கோள்மூட்டும் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

———

ஓய்வுபெற்ற கணினிப் பொறியாளர், சென்னை:

நண்பர்களே, சொல்லுக்குள் போகுமுன் பொருளைப் பாருங்கள். அங்கே யாரும் பெயரை மறைக்கவில்லை.

எஃப்டிபியின் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போனவர். 1985-இல் நிலைபெற்ற வடிவத்தில், பயனர் பெயர், கடவுச்சொல் என்ற வரிசையில்தான் உள்ளே போகமுடியும். அதாவது அந்தக் கணினியில் கணக்கு வைத்திருப்பவருக்கான ஏற்பாடு. கணக்கே இல்லாத ஊர்பேர் தெரியாத ஒருவருக்கும் கோப்பைக் கொடுக்கவேண்டும் என்று விரும்பியபோது, நெறிமுறையை மாற்றாமல், எல்லாருக்கும் சேர்த்து 'அனானிமஸ்' என்று ஒரு கணக்கை வைத்தார்கள். அவ்வளவுதான் நுட்பம். கடவுச்சொல்லாக உண்மையான மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது மரியாதை என்று கருதப்பட்டது. எந்தக் கணினியிலிருந்து வந்தீர்கள், எதை எடுத்தீர்கள் என்பது பதிவேட்டில் ஏறும். எங்கள் வேலை நேரத்தில் வரவேண்டாம் என்று முகப்பிலேயே கேட்டுக்கொள்வார்கள். நாம் அவர்கள் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டுப் போவோம்.

இந்தியாவின் நிலையையும் சொல்லவேண்டும். 1980களின் இறுதியில் எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புக்கு பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குப் போன இணைப்பு நொடிக்கு 9600 பிட். இணைப்பு முழுவதும் நமக்கே கிடைத்தாலும் ஒரு மெகாபைட் வந்துசேரக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் அது நாட்டின் பல கல்வி நிலையங்களுக்குப் பொது. பலருக்கு எஃப்டிபியே கிடையாது, மின்னஞ்சல் மட்டும்தான். அதற்கும் வழி இருந்தது. டெக் என்ற கணினி நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் 'எஃப்டிபிமெயில்' முகவரி ஒன்று இருந்தது. எந்த வழங்கி, எந்தக் கோப்பு என்று கடிதம் எழுதினால், அந்தக் கணினி நமக்காக அனானிமஸாக உள்ளே போய் எடுத்து, துண்டு துண்டாக அஞ்சலில் அனுப்பும். அஞ்சலில் எழுத்துகள்தான் போகும் என்பதால் கோப்பை 'யூயூஎன்கோட்' முறையில் மாற்றுவார்கள். 1980-இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதியது. மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, ஆகவே கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். துண்டுகள் வரிசை மாறி வரும். நடுவில் ஒன்று வராவிட்டால் மற்றவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபடியும் எழுதிக் கேட்கவேண்டும்.

ஆகவே மையம் 'பெயர் இல்லை' என்பது அல்ல, 'கணக்கு இல்லாதவருக்கும் உண்டு' என்பது. அதைச் சொல்லும் சொல்லைத் தேடுங்கள். கணக்கிலா நுழைவு என்றால் என்ன?

———

அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்:

ஐயா, பொருள் விளக்கம் அருமை. ஆனால் 'கணக்கிலா' என்றால் என் மாணவர்கள் எண்ணற்ற என்றுதான் படிப்பார்கள். கணக்கில்லாத நட்சத்திரம், கணக்கற்ற கூட்டம் என்று பழகியவர்கள். 'கணக்கிலா நுழைவு' என்று தேர்வில் கேட்டால் பல முறை நுழைவது என்று எழுதுவார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை.

———

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு பெயரிலியை நானே கைவிடுகிறேன். மையம் வாசல் என்றால், புறநானூற்றில் ஔவை அதற்குச் சொல் வைத்திருக்கிறார்: 'பரிசிலர்க்கு அடையா வாயிலோயே.' கேட்டு வருபவருக்குச் சாத்தப்படாத வாசல். 'அடையா வாயில்' என்று வையுங்கள்.

அதே பாட்டு 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடிகிறது. ஒரு வழங்கியின் கோப்புகளை அப்படியே படியெடுத்து வைத்திருக்கும் மிரர் தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உரை எங்கே கிடைக்கும்? பிரெப்பில் இடமில்லை என்றால் செயின்ட் லூயிஸ், அங்கும் கூட்டம் என்றால் பின்லாந்து. எங்கே போனாலும் அதே கோப்பு.

———

அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அந்தப் பாடலை நானும் நடத்துகிறேன். அடைத்தல் என்ற பொருளை நான் சொல்லித்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. மாணவர் தானாகப் படித்தால் 'அடையா' என்பது அடைய முடியாத என்றாகிவிடும். திறந்த வாசலுக்கு எட்டாத வாசல் என்று பொருள் வந்தால் பாடம் தலைகீழாகிறது. உரை இல்லாமல் புரியாத சொல்லைக் கணினிப் பாடத்தில் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

———

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, உரை இல்லாமல் புரியவேண்டும் என்ற அளவுகோலை வைத்தால் தமிழில் பாதி போய்விடும். ஆங்கிலச் சொல்லை மட்டும் மாணவர் கருவிலேயே கற்றா வருகிறார்? 'அனானிமஸ்' என்பதையும் யாரோ ஒருவர் விளக்கத்தான் வேண்டும். அந்த உழைப்பைத் தமிழ்ச் சொல்லுக்குத் தந்தால் என்ன?

———

மொழியியல் ஆய்வாளர், மைசூர்:

வாசலை விடுங்கள், கேட்கும் முறையைப் பாருங்கள். ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியம் பிரிக்கிறது: இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு. 1985-இல் தொடங்கிய நெட்லிப் நினைவிருக்கிறதா? கணிதவியல் நிரல்களை மின்னஞ்சலில் தரும் ஏற்பாடு. 'சென்ட் இண்டெக்ஸ்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் பட்டியல் வரும். யார், எந்த நிறுவனம், எதற்கு என்ற கேள்வி கிடையாது. இந்த ஏவலைத் தமிழில் எழுதினால் 'பட்டியல் தா' என்றுதான் எழுதவேண்டும். ஒப்போன் கூற்று. அந்த வலையமைப்பில் கேட்டவர் எல்லாரும் ஒப்போரே. அனானிமஸ் எஃப்டிபியையும் 'ஒப்போர் பெறல்' என்று அமைக்கலாம். நுழைவு என்பதைவிடப் பெறல் நல்லது; அஞ்சல் வழியே எடுத்தவர் எங்கும் நுழையவில்லையே.

———

தமிழாக்கத் தன்னார்வலர், டொராண்டோ:

ஒப்போர் பெறல் யாருக்கும் புரியாது, மன்னிக்கவும்.

நடைமுறையைச் சொல்கிறேன். வலைப்பதிவுக் காலத்தில் பெயர் இல்லாமல் பின்னூட்டம் இட்டவரைப் பெயரிலி என்றும் அனானி என்றும் அழைத்தோம். இரண்டும் ஏற்கெனவே வாழ்ந்த சொற்கள். அனானியை அப்படியே எடுத்து 'அனானி நுழைவு' என்றால்கூடத் தவறில்லை. மக்கள் வாயில் தேய்ந்து தமிழாகிவிட்ட சொல் அது.

பெயர் பற்றி இவ்வளவு பேசியதால் இதையும் சொல்லவேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய இயங்குதளக் கருவகத்துக்கு (கெர்னல்) 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட நினைத்திருந்தார். பின்லாந்தின் எஃப்டிபி வழங்கியைப் பார்த்துக்கொண்ட ஆரி லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அடைவுக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். இன்று உலகம் சொல்லும் பெயர் ஒரு அனானிமஸ் வழங்கியின் அடைவுப் பெயராகத்தான் வெளியே வந்தது.

———

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

அனானிக்கு என் கடும் எதிர்ப்பு. தேய்ந்ததெல்லாம் தமிழ் ஆகாது. 

———

ஓய்வுபெற்ற கணினிப் பொறியாளர், சென்னை:

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுச்சொல் 'கெஸ்ட்' என்றே இருந்ததே. திண்ணையில் வந்து படுத்தவரிடம் பேர் கேட்காத வழக்கம் மாதிரிதான் அந்த ஏற்பாடும். 'விருந்தினர் நுழைவு' என்று வைக்கலாம். விருந்து என்பதற்குப் பழம்பொருளே புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலில் 'விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே' என்று வருகிறது. உறவினர் விருந்தினர் அல்லர், முன்பின் அறியாமல் புதிதாக வந்தவரே விருந்தினர். வசையும் இல்லை, மறைப்பும் இல்லை.

———

தமிழாக்கத் தன்னார்வலர், டொராண்டோ:

அழகான சொல், ஆனால் இடம் பிடித்தாகிவிட்டது. இயங்குதளங்களில் கெஸ்ட் அக்கவுன்ட்டுக்கு விருந்தினர் கணக்கு என்றே மொழிபெயர்த்திருக்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் குழப்பம்.

———

மொழிபெயர்ப்பாளர், பொள்ளாச்சி:

அனைவருக்கும் மிக்க நன்றி. நாளை அனுப்பியாகவேண்டும். ஆசிரியை, டொராண்டோ நண்பர், மைசூர் ஐயா மூவரும் பெயரிலிக்கு எதிர்ப்பு இல்லை என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'பெயரிலி நுழைவு' என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'அந்தக் கணினியில் கணக்கு இல்லாதவரும் கோப்புகளை எடுக்க அனுமதிக்கும் ஏற்பாடு. பெயரை மறைப்பது இதன் நோக்கம் அல்ல' என்ற வரியைச் சேர்த்திருக்கிறேன். மின்னஞ்சல் வழிக்கு 'அஞ்சல்வழிப் பெறல்'. வரைவைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மிரருக்கு 'ஆடித்தளம்' என்று எழுதியிருக்கிறேன். ஆடி மாதம் என்று யாரும் படித்துவிடுவார்களா?

———

அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்:

படிப்பார்கள். 'படித்தளம்' என்று வையுங்கள்.

———

தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:

படி என்றால் மாடிப்படியாகவும் ஆகுமே அம்மா. ஆடியே இருக்கட்டும். அடையா வாயில் தள்ளப்பட்டதற்கு என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.

———

ஓய்வுபெற்ற கணினிப் பொறியாளர், சென்னை:

என் ஓட்டு இன்னும் விருந்தினருக்குத்தான். அது இருக்கட்டும், வரைவின் மூன்றாம் பத்தியில் 'குனு மென்பொருள் அனைவருக்கும் இலவசமாகக் கிடைத்தது' என்று இருக்கிறது. அது சரியில்லை. வலையமைப்பில் இல்லாதவர்கள் பிரெப்பிலிருந்து எடுக்க முடியாது. அவர்களுக்கு, குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கிய ஸ்டால்மன், ஈமாக்ஸைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அஞ்சலில் அனுப்பினார். அப்போது வேலையை விட்டிருந்த அவருக்கு அதுதான் வருமானம். காசு வாங்கினாலும் அது கட்டற்ற மென்பொருள்தான். வாங்கியவர் படியெடுத்து யாருக்கும் கொடுக்கலாம். அந்த வரியைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.