லீவுக்கு ஒரு சும்மா வேலைக்குப் போனேன், இப்போ நான் ஒரு கம்பெனி ஓனராம். என்ன பண்றது?

நாலு_அரியர்:

வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும். ஏன்டா போனன்னு திட்டணும்னா வரிசையில வாங்க, முதல் ஆளா எங்க அக்கா நிக்கிறா.

ரெண்டாம் வருஷம் முடிஞ்சு கோடை லீவு. படிக்கவும் இல்ல, வேலைக்குப் போகவும் இல்ல, ஃபேனுக்கு அடியில படுத்துக் கிடந்தேன். ஒரு சீனியர் கூப்பிட்டான். "மச்சி, உனக்குன்னே ஒரு வேலை இருக்கு. ஒண்ணுமே பண்ண வேண்டாம்." மாசம் 20,000, தங்க ஏசி ரூம். ஒண்ணுமே பண்ண வேண்டாம்னு சொன்னான் பாருங்க, அதுலதான் விழுந்தேன்.

அபார்ட்மென்ட் ரூம்ல ஒரு மேசை, மேசை நிறைய போன். எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. ஒவ்வொண்ணு முதுகுலயும் வெள்ளை டேப் ஒட்டி பேனாவுல ஒரு பேரு: ஏதோ டிரேடர்ஸ், ஏதோ எண்டர்பிரைசஸ். எதுலயும் சார்ஜ் இறங்கக் கூடாது. ஓடிபி வந்தா டெலிகிராம் குரூப்ல போடணும். வேலையே அவ்வளவுதான். முதல் வாரம் வாழ்க்கையில செட்டில் ஆயிட்டேன்னே நினைச்சேன்.

பன்னெண்டாவது போன் என்னுது. சம்பளம் போடணும்னா உன் பேர்ல கரண்ட் அக்கவுண்ட் வேணும்னு ஆதாரும் பானும் வாங்கினாங்க. அன்னைக்கே உத்யம்னு சிறு தொழிலுக்கான அரசு பதிவு சர்டிஃபிகேட் வந்துடுச்சு, நான் ஒரு டிரேடர்ஸுக்கு ஓனர். என் பேர்ல புது சிம். பேங்க்ல இருந்து கடையைப் பாக்க வர்ற அன்னைக்குக் காலையில ஒரு காலி ஷட்டர் மேல ஃபிளெக்ஸ் கட்டினாங்க. நான் முன்னாடி நின்னேன், போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் அந்த ஃபிளெக்ஸை அவுத்துச் சுருட்டினதும் நான்தான். செக் புக்ல எல்லாத் தாள்லயும் கையெழுத்து வாங்கிட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குடுத்தாங்க. கம்பெனி பேரு, கீழ "புரொப்ரைட்டர்". அன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டுல ஊதா மையில நாலு பக்கம் அடிச்சுப் பாத்தேன். சிரிக்காதீங்க.

மூணாவது வாரம் ஒருநாள் காலை 11:42-க்கு 9,80,000 ரூபாய் வரவுன்னு மெசேஜ். வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஓடிபி மேல ஓடிபி. குரூப்ல "சீக்கிரம், சீக்கிரம்"னு கத்துறாங்க. 11:50-க்கு மீதி 312 ரூபாய். சீனியர்கிட்ட கேட்டேன். "கேமிங் பணம்டா, கண்டுக்காத"ன்னான். கண்டுக்காம இருக்கிறதுல நான் கெட்டிக்காரன்.

இப்போ அந்த அக்கவுண்ட் ஃப்ரீஸ். அதே பான்ல இருக்கிற என் சேமிப்புக் கணக்கும் ஃப்ரீஸ். வேற மாநில சைபர் போலீஸ் கேஸாம், பேங்க்ல ஒரு புகார் நம்பர் மட்டும் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. மறுநாள் வாட்ஸ்அப்ல நேர்ல ஆஜராகச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்துச்சு. சீனியர் போன் ஸ்விட்ச் ஆஃப், ரூம் பூட்டு. நேத்து தெரியாத நம்பர்ல ஒருத்தன்: "உன் வீடு தெரியும். இன்னொரு பேங்க்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணிக் குடு, இதை நாங்க செட்டில் பண்றோம்."

நோட்டீஸ் நிஜமா? நான் சாட்சியா, குற்றவாளியா? சும்மா உக்காந்துதானே இருந்தேன்?

கவுண்டர்_மூணு:

தம்பி, நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். நீ குடுத்ததுக்குப் பேரு மியூல் அக்கவுண்ட். பாரம் யாருதுன்னு கேக்காம சுமக்கிற கழுதை.

அந்த எட்டு நிமிஷ அவசரம் எதுக்குன்னு புரிஞ்சுக்கோ. பணத்தை விட்டவர் சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்குப் போன் பண்ணினா, பணம் போன வழியில ஒவ்வொரு கணக்கா பேங்க் நிறுத்திக்கிட்டே வரும். அது துரத்திப் பிடிக்கிறதுக்குள்ள பணம் சின்னச் சின்னதா உடைஞ்சு அடுத்த கணக்கு, அதுக்கடுத்த கணக்குன்னு பரவி, கடைசியில ஏடிஎம்ல நோட்டா வரணும், இல்லன்னா கிரிப்டோவா மாறணும். இதை லேயர்னு சொல்லுவாங்க. 9.8 லட்சம் ஒரே தொகையா உன்கிட்ட விழுந்திருக்கு. ஏமாந்தவர்கிட்ட இருந்து நேரா வந்திருந்தா நீ முதல் லேயர், போலீஸ் முதல்ல தட்டுறது உன் கதவைத்தான்.

கரண்ட் அக்கவுண்ட் ஏன்? ஒரு மாணவனோட சேமிப்புக் கணக்குல திடீர்னு பத்து லட்சம் வந்தா சிஸ்டமே கூவும். டிரேடர்ஸ் கணக்குல வந்தா அது வியாபாரம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, நாமே சொல்ற விவரம்தான், அதனால அவனுங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஷட்டர் போட்டோ எடுத்துட்டுப் போன ஆள் மேலயும் தப்பு இருக்கு. மியூல் கணக்கு ஜாக்கிரதைன்னு 2010-லயே ரிசர்வ் வங்கி எங்களுக்கு எழுதிடுச்சு. அதுக்கப்புறமும் இந்த மாதிரி போட்டோவைப் பாத்துக் கையெழுத்துப் போட்டவன்தான் நானும்.

இன்னைக்கே ரெண்டு வேலை. பிராஞ்சுல ஸ்டேட்மென்ட் வாங்கு. சஞ்சார் சாத்திங்கிற அரசுத் தளத்துல உன் பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பாரு, உன்னுது இல்லாததை அங்கேயே ரிப்போர்ட் பண்ணு. ஒரு ஆள் பேர்ல பெரும்பாலான மாநிலங்கள்ல 9 வரைக்கும் வாங்கலாம். அவனுங்க ஒண்ணோட நிறுத்தியிருப்பாங்கன்னு நம்பாத.

கருப்புக்கோட்டு:

வாட்ஸ்அப் நோட்டீஸ்: ஆஜராகச் சொல்ற நோட்டீஸை வாட்ஸ்அப்ல அனுப்பக் கூடாதுன்னு 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதுக்காகப் போலின்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பேங்க் குடுத்த புகார் நம்பர் நோட்டீஸ்ல இருக்கான்னு பாருங்க. பிடிஎஃப்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாம, அந்த ஸ்டேஷன் நம்பரை நீங்களா தேடி எடுத்துக் கேளுங்க. ஃப்ரீஸை எடுத்துத் தர்றேன்னு கமிஷன் கேக்கிறவன் யாரா இருந்தாலும் அடுத்த திருடன்.

சாட்சியா இல்லையான்னு நோட்டீஸ்ல இருக்கிற பிரிவைப் பாத்தாலே தெரியும். பிஎன்எஸ்எஸ், அதாவது புது குற்றவியல் நடைமுறைச் சட்டம், 179-ன்னா சாட்சியா கூப்பிடுறாங்க. 35(3)-ன்னா உங்க மேல சந்தேகம். அப்படி இருந்தாலும் ஒழுங்கா ஆஜரானா, காரணம் எழுதி வைக்காம கைது பண்ண முடியாது. மோசடிக்கு பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 318(4), ஏழு வருஷம் வரைக்கும். நீங்க பயப்பட வேண்டியது 111, ஒருங்கிணைந்த குற்றம். சைபர் குற்றமும் அதுல வருது, குறைஞ்சது அஞ்சு வருஷம். அதைப் போடணும்னா கும்பல் மேல பத்து வருஷத்துக்குள்ள ஒண்ணுக்கு மேல குற்றப்பத்திரிகை இருந்திருக்கணும். பதினொரு போன் வச்சு நடத்தினவங்களுக்கு அது இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தேன்" எடுபடாது தம்பி. கையெழுத்து, சிம், ஓடிபி மூணும் உங்களுது. ஆனா தெரியாம பண்ணினதுக்கும் தெரிஞ்சு பண்ணினதுக்கும் சட்டத்துல நிறைய தூரம். அந்த 11:50-க்கு அப்புறம் நீங்க என்ன பண்ணீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அதனால அவங்க கேக்கிற ரெண்டாவது அக்கவுண்ட்டைக் கனவுலயும் ஓபன் பண்ணாதீங்க. மிரட்டல் வந்த நம்பரையும் நேரத்தையும் எழுதி வைங்க. டெலிகிராம் சாட்டை இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அவங்க அழிச்சா உங்க போன்லயும் போயிடும். கேஸ் வேற மாநிலம்னாலும் இங்கயே குறுகிய கால முன்ஜாமீன் கேக்கலாம், 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அதுக்கு வழி விட்டிருக்கு. நேர்ல ஒரு வக்கீலைப் பாருங்க. என்னை மாதிரி முகம் தெரியாதவன் பேச்சை வச்சு மட்டும் போகாதீங்க.

மகள்:

சிரிக்காதீங்கன்னு எழுதியிருக்கீங்க. சிரிக்கல.

எங்க அப்பாவை ரெண்டு நாள் வீடியோ கால்ல உக்கார வச்சாங்க. அந்தப் பக்கம் போலீஸ் யூனிஃபார்ம்ல ஒருத்தன். கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைங்ககிட்ட பேசக் கூடாது, பாத்ரூம் போனாலும் சொல்லிட்டுப் போகணும். டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியல. டெபாசிட்டை உடைச்சு அனுப்பினார். அதுவும் ஒரு டிரேடர்ஸ்தான். ஓனர் இருபது வயசுப் பையன்னு அப்புறம் போலீஸ் சொன்னாங்க. அவனும் ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொன்னானாம்.

ஃப்ரீஸ் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. அந்தப் பணம் யாருதுன்னு ஒரு வரி கேக்கல. ஸ்டேட்மென்ட்ல அனுப்பினவங்க பேர் இருக்கும். படிங்க.

நாலு_அரியர்:

ஸ்டேட்மென்ட் வாங்கினேன். மேல இருக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

9,80,000 ஒரே ஆள்கிட்ட இருந்து. ஒரு அம்மா பேரு. பக்கத்துல அவங்க டைப் பண்ணின குறிப்பு: "வெரிஃபிகேஷனுக்காக, திருப்பித் தரப்படும்". அவங்க நம்பி டைப் பண்ணியிருக்காங்க. அதுக்குக் கீழ வரிசையா பதினாலு டெபிட், எல்லாம் நான் போட்ட ஓடிபி.

அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடிக்கல, அதுதான் பயமா இருக்கு. என் பேர்ல மொத்தம் அஞ்சு சிம், எனக்குத் தெரிஞ்சது ரெண்டு. நாளைக்கு வக்கீலோட சைபர் கிரைம் ஸ்டேஷன் போறோம். சீனியர் பேரு, ரூம் இருக்கிற இடம், ஞாபகம் இருக்கிற டேப் பேருங்க ஏழு, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.

ஒரு சந்தேகம். அந்த ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் என் பையிலதான் இருக்கு. அக்கா அதைத் தூக்கி எறிய சொல்றா.

கருப்புக்கோட்டு:

எறியாதீங்க. ஒரு கவர்ல போட்டு ஒட்டி, வக்கீல் கையில குடுங்க. ஸ்டேஷன்ல ஒப்படைச்சதுக்கு எழுத்துல ரசீது வாங்கச் சொல்லுங்க.

நாலு பக்கம் அடிச்சுப் பாத்தேன்னீங்களே, அந்த நோட்டும் சேத்து.