கணவர் வழியாக அமெரிக்கக் குடியுரிமை: வக்கீல் இல்லாமல் என்-400 விண்ணப்பம் போட்டவர்கள் உண்டா?

ஃபிரிஸ்கோ மலர்:

வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் கேள்வி, கொஞ்சம் நீளம்.

2021 செப்டம்பரில் மதுரையில் கல்யாணம். கணவர் 2019-லேயே அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். விசா வர ஒன்றரை வருடம் ஆனது. நான் இங்கே வந்து இறங்கியது 2023 மார்ச் 20. நிபந்தனையோடு இரண்டு வருடக் கிரீன் கார்டு கொடுத்தார்கள். அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 என்கிற ஃபாரம் போட்டது 2025 ஜனவரியில். 48 மாதம் நீட்டித்த கடிதம் கையில் இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை.

குடிமகனின் மனைவி என்றால் ஐந்து வருடம் வேண்டாம், மூன்று வருடம் போதும், அதிலும் 90 நாள் முன்னாடியே போடலாம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் டிசம்பர் 20-லேயே எனக்குத் தகுதி வந்துவிட்டது. இப்போது ஜனவரி. ஒரு வக்கீலிடம் கேட்டோம், அரசுக் கட்டணம் போக 1,800 டாலர் என்றார். ஃபாரத்தை ஆன்லைனில் திறந்து பார்த்தால் எல்லாம் எனக்கே தெரிந்த விவரமாகத்தான் இருக்கிறது. இதற்கு எதற்கு 1,800?

ஆனால் மனதில் நெருடுகிற விஷயங்கள் சில உண்டு. 2024-இல் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று ஊருக்குப் போய் 164 நாள் இருந்தேன். நியூஜெர்சியில் ஒரு ஸ்பீடிங் டிக்கெட், அபராதம் கட்டியாகிவிட்டது. போன மாதம் 5-ஆம் தேதிதான் டெக்சஸுக்குக் குடிவந்தோம். அப்புறம் என் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாததால் இங்கே எல்லா ஆவணத்திலும் முதல் பெயர் 'எஃப்என்யூ', அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மருந்துக் கடையில் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிடுகிறார்கள். இதற்கு விடிவு உண்டா?

இந்த வாரக் கடைசியில் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம். கணவர் கட்டணத்துக்குக் கார்டு நம்பர் வரைக்கும் போட்டு வைத்துவிட்டார்.

அப்பா பெயர்க்காரன்:

கார்டைத் திரும்ப பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொன்ன 90 நாள் சலுகை உண்மைதான். ஆனால் அது கிரீன் கார்டோடு மூன்று வருடம் இருந்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனைக்கு மட்டும்தான். மூன்று வருடம் குடிமகனோடு தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை தனியாக இருக்கிறது. விண்ணப்பிக்கிற அன்றைக்கே அது முழுதாக நிறைவேறியிருக்க வேண்டும், அதில் 90 நாள் தள்ளுபடி கிடையாது. உங்களுக்குக் கல்யாணம் 2021-இல் நடந்தாலும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியது 2023 மார்ச் 20. எனவே 2026 மார்ச் 20 தாண்டித்தான் போட வேண்டும். இப்போது போட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், கட்டணமும் திரும்பி வராது. ஆன்லைன் என்றால் 710 டாலர், காகிதத்தில் 760.

நான் 90 நாள் முன்னாடியே போட்டிருக்கலாம், ஏனென்றால் என் கதை வேறு. என் மனைவி இங்கேயே பிறந்தவள். நான் எச்-1பி வேலை விசாவில் இருந்தபோது 2019-இல் கல்யாணம், அன்றிலிருந்து ஒரே வீடு. கிரீன் கார்டு 2021 பிப்ரவரி. முன்னாடியே போட முடிந்தும் சோம்பேறித்தனத்தால் 2024 ஏப்ரலில்தான் போட்டேன். வக்கீல் இல்லை.

நீங்கள் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பு ஒரே மாநிலத்திலோ குடியேற்றத் துறை மாவட்டத்திலோ மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். டிசம்பர் 5-ஆம் தேதி வந்த உங்களுக்கு அதுவும் மார்ச்சில் தானாகவே நிறைவேறிவிடும். வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏஆர்-11 போட்டு முகவரி மாற்றியிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இன்று ராத்திரியே போடுங்கள். ஐ-751 கடிதங்கள் இன்னும் நியூஜெர்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

164 நாள் பிரச்சினை இல்லை. ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், அறவில்லை என்று நாம் நிரூபிக்க வேண்டும். அது இல்லாமல், மூன்று வருடத்தில் மொத்தம் 18 மாதமாவது இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தாராளமாக இருக்கும்.

பயணப் பட்டியலை மட்டும் அலட்சியமாக எழுதாதீர்கள். நான் இந்தியப் பயணங்களைப் பாஸ்போர்ட் முத்திரை பார்த்துச் சரியாக எழுதிவிட்டு, காரில் நயாகரா போய்க் கனடா பக்கம் இரண்டு ராத்திரி தங்கியதை மறந்துவிட்டேன். 24 மணி நேரம் தாண்டிய பயணம் எல்லாம் கணக்கு. நேர்காணலுக்கு முந்தின ராத்திரி மனைவி போனில் பழைய போட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அருவி முன்னால் மஞ்சள் பிளாஸ்டிக் கோட்டோடு நான் நிற்கிறேன்! தூக்கம் போய்விட்டது. காலையில் அதிகாரி உட்காரச் சொன்னதும் முதல் வேலையாகச் சொன்னேன். அவர் சாதாரணமாகத் திரையில் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். திருத்தம் எல்லாம் கடைசியில் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாமே முந்திக்கொண்டு சொன்ன தப்பு அங்கே பெரிய விஷயமாகாது.

ஸ்பீடிங் டிக்கெட்டுக்கும் அதேதான். போலீஸ் எப்போதாவது டிக்கெட் கொடுத்ததுண்டா என்றால் 'ஆம்', அபராதம் கட்டிய ரசீதை எடுத்துப் போங்கள். குடித்துவிட்டு ஓட்டியது, யாருக்காவது அடிபட்டது என்றால் கதை வேறு.

ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே என்-400 போடலாம். ஆனால் அது முடியாமல் இதற்கு ஒப்புதல் கிடைக்காது. எனக்கு இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்தார்கள். அதனால் நேர்காணலுக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள், கடிதத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும். என் மனைவியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, கரண்ட் பில் எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் இவள்தான் கட்டுவாள்" என்றேன். அதிகாரி சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

ஆவணம் என்று பார்த்தால் கணவரின் குடியுரிமைச் சான்று, பதிவுத் திருமணச் சான்றிதழ், மூன்று வருட வரி டிரான்ஸ்கிரிப்ட் (வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் இலவசம்), வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரும் உள்ள இன்சூரன்ஸ். சான்றிதழ் தமிழில் இருந்தால் நோட்டரி எல்லாம் தேடி ஓட வேண்டாம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் முழுதாக மொழிபெயர்த்து, இது சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கு ஆபீஸ் நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார், செலவு ஒரு காபி.

குடிமையியல் பரீட்சை உங்களுக்குக் கொஞ்சம் கடினம். எனக்கு 100 கேள்வியிலிருந்து பத்து கேட்டு ஆறு சரியாக இருந்தால் போதும் என்று இருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 128 கேள்வி, அதிலிருந்து இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். பன்னிரண்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவார்கள். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. மாநில கவர்னர், செனட்டர் பெயரெல்லாம் நியூஜெர்சியில் படித்ததை மறந்துவிட்டு டெக்சஸுக்குப் புதிதாகப் படியுங்கள். அதைவிட, ஃபாரத்தில் உள்ள சொற்களுக்கு அர்த்தம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் இங்கிலீஷில் வேலை பார்க்கிற ஆள் நான். "அலீஜியன்ஸ் என்றால் என்ன, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றதும் ஒரு நிமிடம் திருதிருவென்று முழித்தேன்.

பெயர் விஷயத்தில் நீங்கள் பரவாயில்லை, உங்கள் பெயரையாவது கூப்பிடத் தெரியாமல் கூப்பிடுகிறார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர். அவர் விமானம் ஏறினதே இல்லை, ஆனால் இந்த ஊர் பல் டாக்டர் முதல் பள்ளிக்கூடம் வரைக்கும் "மிஸ்டர் முத்துசாமி"தான். என்-400-லேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் அதைக் கோர்ட்தான் செய்ய முடியும் என்பதால் நீதிபதி முன்னால் நடக்கிற குடியுரிமை உறுதிமொழி நிகழ்ச்சியில்தான் உங்களைச் சேர்ப்பார்கள். அதற்குக் கூடுதல் நாள் ஆகலாம். ஃப்னூவை ஒழிக்க அது நியாயமான விலை. நான் மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா பெயர் இங்கே வரட்டுமே.

கோர்ட் வாசல் பார்த்தவன்:

மேலே நண்பர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் நான் வக்கீல் வைத்துத்தான் போட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. பல வருடம் முன்பு பக்கத்து அபார்ட்மெண்ட்காரனோடு பார்க்கிங் தகராறு, போலீஸ் வந்து என்னை அழைத்துப் போனார்கள். கேஸ் தள்ளுபடி. தள்ளுபடிதானே என்று நான் 'இல்லை' என்று டிக் அடிக்க இருந்தேன். கேள்வி தண்டனை பற்றி மட்டும் இல்லை, கைது செய்யப்பட்டதுண்டா என்றும் கேட்கிறார்கள். கோர்ட்டில் முத்திரை போட்ட தீர்ப்பு நகல் வாங்கி இணைக்க வேண்டியிருந்தது.

கைது, குடும்பச் சண்டையில் போலீஸ், வரி பாக்கி, ஆறு மாதம் தாண்டிய பயணம், தம்பதி தனித்தனி ஊரில் வேலை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு மணி நேர ஆலோசனைக்காவது காசு கொடுங்கள். முழு கேஸையும் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் கவனிக்காமல் வாக்காளர் பதிவுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். குடிமகன் ஆகாமல் வாக்காளராகப் பதிவு செய்வது குடியுரிமையை மட்டுமல்ல, கிரீன் கார்டையே ஆபத்தில் தள்ளும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு நேரே வக்கீலிடம் போங்கள்.

ஃபிரிஸ்கோ மலர்:

ஐயோ, நல்ல வேளை கேட்டேன். கூடி வாழ்ந்த கணக்கு தனி என்று எங்கள் இருவருக்கும் தெரியவே தெரியாது. ஏஆர்-11 நேற்று ராத்திரியே போட்டாகிவிட்டது. வாக்காளர் பதிவு எதிலும் கையெழுத்துப் போடவில்லை, லைசென்ஸ் காகிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நவம்பரில் தம்பி கல்யாணம், மதுரை போக வேண்டும். விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது போகலாமா?

ஸ்ரீவித்யா 2022:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 2022 ஜூலை 10-ஆம் தேதி கிரீன் கார்டு, நிபந்தனை எதுவும் இல்லை, அப்போது கணவரும் கிரீன் கார்டுதான். அவர் 2024 ஆகஸ்டில் குடிமகன் ஆனார். நானும் மூன்று வருடக் கணக்கில் இப்போதே போடலாம்தானே? எனக்குக் கிரீன் கார்டு வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்பா பெயர்க்காரன்:

ஸ்ரீவித்யா, இப்போது முடியாது. அந்த மூன்று வருடமும் கணவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 2027 ஆகஸ்ட். ஆனால் சாதாரண ஐந்து வருடக் கணக்கில் 2027 ஜூலையே வந்துவிடுகிறது, அதற்கு 90 நாள் முன்பு என்றால் ஏப்ரலிலேயே போடலாம். அந்த வழியில் போனால் கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று கல்யாணத்தை நிரூபிக்கிற வேலையும் இல்லை. 18 மாதத்துக்குப் பதில் 30 மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் வழி எப்போதும் குறுக்கு வழி இல்லை.

மலர், போகலாம். கிரீன் கார்டு, நீட்டிப்புக் கடிதம், இந்தியப் பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தை நெருங்காதீர்கள். நேர்காணல் கடிதம் வந்தால் வீட்டில் பார்க்க ஆள் இருக்க வேண்டும். நிஜச் சிக்கல் உறுதிமொழி எடுத்த பிறகுதான். அன்றைக்கே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். இந்தியச் சட்டப்படி இந்தியக் குடியுரிமையும் அன்றோடு முடிந்தது, அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது, ஒப்படைக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்து, அப்புறம் இந்தியாவுக்கு விசாவோ ஓசிஐயோ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) வாங்கித்தான் ஏற முடியும். உறுதிமொழித் தேதி அக்டோபர் கடைசியில் விழுந்தால் தம்பி கல்யாணத்தை வீடியோவில்தான் பார்ப்பீர்கள். அப்படி வந்தால் தேதியைத் தள்ளிவைக்கக் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த வழியில் போகிறவர்களுக்குக் கல்யாணம் உறுதிமொழி நாள் வரைக்கும் நீடித்தாக வேண்டும். கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோ மலர்:

கேட்டேன். நான்தான் கட்டுகிறேனாம்! ஆட்டோபே என் கார்டில் ஓடுகிறது, எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. மார்ச் 23 திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை ஃப்னூவாகவே இருக்கிறேன்.