வருமானம் குறைந்த பிறகு வீட்டில் உணவு அதிகமாக வீணாகிறது. ஏன்?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

எட்டு மாதங்களுக்கு முன் என் கணவரின் நிரந்தர வேலை போய்விட்டது. இப்போது கிடைக்கிற அன்றைக்குத்தான் வேலை. ஒரு வாரம் கையில் பணம் இருக்கும், அடுத்த இரண்டு வாரம் இருக்காது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதாகத்தான் நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைத் துடைத்தபோது அடித்தட்டில் ஒரு பை அழுகிய காய்கறி, கெட்டுப்போன இரண்டு பால் பாக்கெட், என்றைக்குச் சமைத்தது என்றே நினைவில்லாத ஒரு கிண்ணம். குப்பையில் கொட்டும்போது அழுதுவிட்டேன். சம்பளம் ஒழுங்காக வந்த காலத்தில் இவ்வளவு எறிந்ததே இல்லை.

பணம் இருப்பவர்கள்தான் வீணாக்குவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வீட்டில் தலைகீழாக நடக்கிறது. பணம் வந்த அன்றைக்கே, அடுத்தது எப்போதோ என்ற பயத்தில் பெரிய பையாக வாங்கிவிடுகிறேன். கெடும் தறுவாயில் விலை குறைத்து விற்பதையும் விடுவதில்லை. அந்த வாரம் பார்த்து அவருக்கு வெளியூரில் வேலை வரும். சமைத்தது மிஞ்சும். இதை எப்படி நிறுத்துவது?

பதில் 1

எல்லாரும் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. வசதியான நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டுக் கழிவில் உள்ள வேறுபாடு ஆண்டுக்குத் தலைக்கு வெறும் 7 கிலோ. இவை நாடுகளின் சராசரிகள், ஒரு வீட்டின் கதையைச் சொல்லாது. ஆனாலும் நீங்கள் தனியாகக் குற்றம் செய்தவர் போல வருந்த வேண்டியதில்லை.

பதில் 2: பருவ வேலை செய்பவர்

சகோதரி, பதினோரு ஆண்டுகளாக ஒழுங்கில்லாத வருமானத்தில் குடும்பம் நடத்துகிறேன். நீங்கள் எழுதியதில் என் வீட்டைப் பார்த்தேன். உங்களிடம் ஊதாரித்தனம் இல்லை. பணம் விட்டுவிட்டு வருகிறது, அதனால் கொள்முதலும் விட்டுவிட்டு மொத்தமாக நடக்கிறது. பசியோ நாள்தோறும் அளவாகத்தான் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காய்கறி அழுகுகிறது.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கணக்கில் நானும் பல ஆண்டுகள் ஏமாந்தேன். பெரிய பையில் கிலோவுக்கு நூற்றுக்கு 25 குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கை எறிந்தால், வயிற்றுக்குள் போன ஒவ்வொரு கிலோவும் சில்லறை விலையைவிட நூற்றுக்கு 12-க்கு மேல் கூடுதல். காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது பணம் வந்தால் தானியம், பருப்பு, எண்ணெய் மட்டும் மொத்தமாக வாங்குகிறேன். காய்கறிக்கும் பாலுக்குமான பணத்தை நான்கு உறைகளில் பிரித்து வைத்து, வாரத்துக்கு ஓர் உறையை மட்டும் திறக்கிறேன். முதல் மாதம் மிகவும் கடினம். உறை கண்ணெதிரே இருக்கும்போது, வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி என்று மனம் அரிக்கும்.

இன்னொன்று. எந்தக் கிண்ணம் எந்த நாளையது என்பது நினைவில் நிற்காததற்கு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், அதே கரும்பு விவசாயிகள் அறுவடைக்குப் பிந்தைய நாள்களைவிட, பணமில்லாத முந்தைய நாள்களில் சிந்தனைத் தேர்வுகளில் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். வாடகைக் கவலை நிறைந்த தலையில் கிண்ணத்துக்கு எங்கே இடம்? மூடியில் சமைத்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதில் 3: மருத்துவமனைச் செவிலி

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எறிய மனமில்லாமல் கெட்டதைச் சாப்பிட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கில் ஒரு நாள் கூலி போனால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போகும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், அது 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். பொட்டலத்தில் இருக்கும் இரண்டு வகைத் தேதிகளையும் பிரித்துப் பாருங்கள். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றால் பாதுகாப்பு பற்றியது, மீறக் கூடாது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்றால் சுவையும் தரமும் பற்றியது. அது கடந்துவிட்டது என்பதற்காக நல்ல பொருளை எறிய வேண்டாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உறை யோசனையை இன்றே தொடங்கினேன். சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சின்னவனுக்குப் புதிய காய் எதையும் இப்போது வாங்குவதில்லை. அவன் தட்டில் ஒதுக்கிவிட்டால் அதற்கு ஈடாகக் கொடுக்க வேறொன்று இல்லை. குழந்தை ஒரு சுவைக்குப் பழக எட்டு, பத்து முறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அத்தனை முறை எறிய எனக்குத் துணிவில்லை. இதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

பதில் 2: பருவ வேலை செய்பவர்

பெரியவர்களுக்குச் சமைப்பதிலிருந்து ஒரே ஒரு துண்டு மட்டும் அவன் தட்டில் வையுங்கள். ஒதுக்கினால் நீங்கள் சாப்பிட்டுவிடலாம். என் மகளுக்கு அப்படித்தான் பழக்கினேன், ஏழு மாதம் ஆயிற்று.